உப்புக் காற்றில் இருந்த தமகோச்சியைத் திறந்து பழுது பார்ப்பது எப்படி?

1996 நவம்பர் 23 அன்று ஜப்பானில் பண்டாய் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தமகோச்சி, மறு ஆண்டிலேயே உலகின் பல நாடுகளுக்குப் பரவியது. உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவ உறை, மூன்று பொத்தான்கள், 32 பத்திகளும் 16 வரிசைகளும் கொண்ட ஒரு சிறு திரை, அந்தத் திரைக்குள் பசித்தும் உறங்கியும் வளரும் ஒரு குஞ்சு, இவ்வளவுதான் அந்தப் பொம்மை. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் பிள்ளைகளுக்காக வாங்கி வந்தவை, கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களின் பழைய அலமாரிகளில் இன்றும் அகப்படுவதுண்டு. இப்போது அவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள் என்பதால், ஓடாத ஒன்றைக் குப்பையில் போடுவதற்கு முன் திறந்து பார்ப்பது நல்லது.

ஆனால் நம் ராமநாதபுரம் கரைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழுதுபார்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை, செல்லை மாற்றுங்கள், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. கடலிலிருந்து தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அது போதும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஏர்வாடியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த பொம்மைக்கு அது போதாது, ஏனென்றால் அந்த ஆல்கஹாலில் உப்பு ஏறத்தாழக் கரைவதே இல்லை. 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் சாதாரண உப்பு கரையும். ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு உப்பை அப்படியே விட்டுவிடுவதால், சுத்தம் செய்தவுடன் ஓடும் பொம்மை சில வாரங்களில் மறுபடியும் நின்றுபோகிறது. நல்ல தண்ணீர் முதலில், ஆல்கஹால் அதற்குப் பின் என்பதே இந்தக் கரையில் பின்பற்ற வேண்டிய வரிசை. கடலுக்குப் போய்த் திரும்பிய படகின் எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் யாரும் கிரீஸ் தடவுவதில்லை. அதே முறைதான் இதற்கும்.

உப்பு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்று புரியும். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே சோழகம் வீசும் மாதங்களில் சன்னல் வழியாக வந்து படிந்த உப்புத் துகள், நமக்கு உலர்ந்ததாகத் தோன்றும் நாளிலும் பொம்மைக்குள் ஈரமாகவே இருக்கிறது. உள்ளே செல்லும் இருந்தால், அந்த ஈர உப்பின் வழியாக மின்சாரம் கசிந்து, மின்சுற்றுப் பலகையில் நேர்முனையோடு சேர்ந்த செம்புத் தடத்தைக் கரைத்துவிடும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்கு மண்டபத்துக் கடற்காற்றைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் அல்ல.

திறப்பதற்கு முன்

முதல் வேலை செல்லை வெளியே எடுப்பது. 1990களின் தமகோச்சியிலும் அதைப் பார்த்துச் செய்த பெரும்பாலான சாவிக்கொத்துப் போலிகளிலும் எல்ஆர்44 வகைப் பட்டன் செல்கள் இரண்டு தொடராக அமர்ந்து 3 வோல்ட் தரும். கடைகளில் ஏஜி13 என்ற பெயரில் கிடைப்பதும் அதே அளவுதான். 2004-இல் வந்த கனெக்‌ஷன் வரிசையின் பொம்மைகளில் சிஆர்2032 என்ற தட்டையான லித்தியம் செல் இருக்கும். எடுத்த செல்லை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். சிஆர்2032 போன்ற செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உள்ளே வெந்து புண்ணாகிவிடக்கூடும். அப்படி ஐயம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், பழைய செல்லின் இரு பக்கத்திலும் ஒட்டுநாடா சுற்றி, மூடி போட்ட டப்பாவில் போட்டுவிடுங்கள்.

புதுச் செல்லைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். நல்ல எல்ஆர்44 ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 1.3 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது தளர்ந்த செல். கடற்கரை ஊர்க் கடைகளில் அட்டையோடு வெயிலிலும் காற்றிலும் தொங்கும் செல்கள், புதிது என்ற பெயரிலேயே தளர்ந்திருப்பதுண்டு என்பதால், விற்பனை அதிகமுள்ள கைக்கடிகாரக் கடையில் வாங்குவதே மேல். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலந்து போடக் கூடாது.

செல் போட்டதும் திரை தெளிவாக வந்து, மணி ஒலிக்கும்போது மட்டும் எழுத்து மங்கினால், செல் தளர்ந்திருக்கிறது அல்லது செல்லைத் தொடும் தகட்டில் அரிப்பு இருக்கிறது என்று பொருள். எல்லாம் ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் திருப்புளியை எடுக்க வேண்டாம்; முதல் தலைமுறைத் தமகோச்சியில் இடது, வலது ஓரப் பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் ஒலி அடங்கும், மீண்டும் அழுத்தினால் வரும். பின்புறத்துச் சிறு துளையிலுள்ள மறுதொடக்கப் பொத்தானையும் ஒருமுறை ஊசிமுனை படாமல் மழுங்கிய குச்சியால் அழுத்திப் பாருங்கள். பழைய தமகோச்சியில் செல்லை எடுத்தாலே அதுவரை வளர்த்த உயிர் போய்விடும் என்பதால், உடைமையாளர் வேறொருவராக இருந்தால் அதை முன்னரே சொல்லிவிடுவது முறை.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. கைக்கடிகாரத்துக்கான சிறு நட்சத்திரத் திருப்புளிகள், மல்டிமீட்டர், மென்மையான பல்துலக்கி, பஞ்சுக் குச்சிகள், வினிகர், 99 விழுக்காடு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர் ஆகியவை போதும். ஆல்கஹால் செல்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். டிஸ்டில்டு வாட்டர், படகுக்கும் லாரிக்கும் பேட்டரி விற்கும் கடைகளில் இருக்கும். அதே கடையில் அதே மாதிரியான கேனில் ஆசிட்டும் விற்பார்கள் என்பதால் பெயரைப் படித்து வாங்குங்கள். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பானது. அதைக் கொண்டு கழுவினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்ததாகிவிடும்.

கடலைப் பார்த்த சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் அமருங்கள். ஒவ்வொரு படியிலும் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருகாணிகள்

இந்தக் கரையில் பாதி வேலை திருகாணியோடுதான். ஜப்பானியத் திருகாணிகளின் தலைப்பள்ளம், நாம் வழக்கமாக வாங்கும் நட்சத்திரத் திருப்புளியோடு மிகச் சரியாகப் பொருந்தாது. அதனால் அழுத்தம் குறைந்தால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். பள்ளத்தில் ஆடாமல் நிற்கும் அளவைத் தேர்ந்து, திருகும் விசையைவிட அழுத்தும் விசை கூடுதலாக இருக்கும்படி பிடியுங்கள். ஒருமுறை வழுக்கினாலே நிறுத்திவிட வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் தையல் இயந்திர எண்ணெயை ஊசி முனையால் ஒரு துளி வைத்து, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்து, பிறகு கழற்றுங்கள். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் ஆகியவற்றை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. உறையின் பிளாஸ்டிக்கை அவை கரைத்து வடுவாக்கிவிடும். சேகரிப்பவருக்கு உறையின் பளபளப்பு உள்ளிருக்கும் பலகையைவிட முக்கியம்.

சில மாதிரிகளில் உறையைப் பிடிக்கும் திருகாணிகளில் ஒன்றிரண்டு செல் மூடிக்கு உள்ளே மறைந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்தபின்னும் உறை பிரியாவிட்டால் நெம்பாமல் அவற்றைத் தேடுங்கள். பிரியும்போதும் இரண்டு பாதிகளையும் பட்டென்று விலக்கக் கூடாது. பின்பாதியில் ஒட்டியிருக்கும் ஒலித்தட்டிலிருந்தும் செல் தகடுகளிலிருந்தும் மெல்லிய கம்பிகள் பலகைக்குப் போகக்கூடும். புத்தகத்தை விரிப்பதுபோல் ஒரு பக்கம் சேர்ந்தபடியே திறந்து பாருங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியவை

பலகையின் நடுவில் கறுப்புப் பிசின் துளி ஒன்று உறைந்திருக்கும். அதற்கடியில் இருப்பதுதான் மூளை. முதல் தமகோச்சியில் அது எப்சன் நிறுவனத்தின் 4 பிட் சில்லு. அது கெட்டால் நம்மால் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆனால் கெடுவது பெரும்பாலும் அது அல்ல. பிசினுக்குள் காற்றுப் புகாமல் இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. வெளியே நிற்கும் தகடும் தடமும் திரை இணைப்பும்தான் மாட்டிக்கொள்கின்றன. எனவே எதுவும் வராத பொம்மையைப் பார்த்ததும் சில்லு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

படிந்திருப்பதன் நிறம் பல செய்திகளைச் சொல்லும். செல் தகட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால், கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக உறைந்திருக்கிறது. அது காரம், கையில் படாமல் பார்த்துக்கொண்டு, வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் தொட்டால் நுரைத்து அடங்கும். பச்சையோ நீலப்பச்சையோ தெரிந்தால் செம்பு அரிக்கப்பட்டிருக்கிறது, காவி நிறம் தெரிந்தால் நிக்கல் பூச்சு போய் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்திருக்கிறது. செல்லிலிருந்து தொலைவில், பலகையின் ஓரத்திலும் பொத்தான் துளைகளின் கீழும் பச்சை படிந்திருந்தால், அது செல் கசிவு அல்ல, கடற்காற்றின் வேலை.

கழுவுவதற்கு முன் திரையையும், கழற்ற முடிந்தால் ஒலித்தட்டையும் பிரித்துத் தள்ளி வைக்க வேண்டும். அவற்றின் மேல் நீர் படக் கூடாது. வினிகர் பட்ட இடங்கள் உட்படப் பலகை முழுவதையும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, அழுக்கு நீரை வடித்துவிட்டு, புது நீரால் மீண்டும் கழுவுங்கள். ஒருமுறை கழுவியது போதும் என்று நிறுத்தாதீர்கள். முதல் கழுவலில் கரைந்த உப்பு அந்த நீரிலேயேதான் இருக்கிறது, அதை வெளியேற்றுவது இரண்டாம், மூன்றாம் கழுவல்கள்தாம். அதன் பிறகு ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றித் துலக்கினால், இடுக்குகளில் தங்கிய நீரை அது தன்னோடு கலந்து வெளியே கொண்டுவந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். அடுப்புக்குத் தொலைவில் இதைச் செய்யுங்கள். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்தால் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அதன் மாவுத்தூள் இடுக்குகளில் ஏறுவதுதான் மிச்சம்.

உலர்ந்த பலகையில் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, செல் தகட்டிலிருந்து பலகையில் அதன் தடம் முடியும் இடம்வரை தொட்டுப் பாருங்கள். ஒலி வராத தடம் அறுந்த தடம். அதன் மேலுள்ள பச்சை நிறக் காப்புப் பூச்சை இரு முனைகளிலும் சற்றே சுரண்டி, மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்துப் பாலம் போடலாம். தகடே இற்றுப்போயிருந்தால், பழைய ரிமோட்டிலிருந்து எடுத்த சுருள்வில்லை வெட்டிப் பொருத்துவது எளிது. தகட்டின் மேல் குற்றமா, பலகையின் மேல் குற்றமா என்ற ஐயம் தீர ஒரு வழி உண்டு: கடிகாரத்தில் போடும் ஏஏ செல்கள் இரண்டைத் தொடராக இணைத்து, அந்த 3 வோல்ட்டைப் பலகையின் நேர், எதிர் முனைகளில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். அப்போது ஓடினால் பலகை நலம், தகடுதான் குற்றம். செல்பேசி சார்ஜரின் 5 வோல்ட்டைக் கொடுத்துப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம்.

திரையில் கோடுகள்

திரைப் பழுதுதான் சேகரிப்பவர்களை அதிகம் கலங்க வைப்பது. ஆனால் நிதானமாகப் பார்த்தால் இதில் பெரும்பாலானவை தீரக்கூடியவை. திரைக் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே வரிக்குதிரைப் பட்டை எனப்படும் ரப்பர்த் துண்டு ஒன்று இருக்கும். மின்சாரம் கடத்தும் கார்பன் ரப்பரும் கடத்தாத சிலிக்கோனும் மாறி மாறி அடுக்கப்பட்ட அதை, பற்றவைப்பு எதுவுமில்லாமல் அழுத்தம் மட்டுமே இணைத்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு செங்குத்துக் கோடு மட்டும் வரவில்லை என்றால் அந்தப் பத்தியின் தொடுபுள்ளியில் உப்போ தூசியோ இருக்கிறது. அடுத்தடுத்த பல கோடுகள் ஓர் ஓரத்தில் போயிருந்தால், பட்டை நகர்ந்திருக்கிறது அல்லது அந்தப் பக்கத் திருகாணி தளர்ந்திருக்கிறது. முழுத் திரையும் மங்கலாக இருந்தால் செல் தகட்டுக்குத் திரும்பிப் போங்கள். மை கொட்டியதுபோல் கறுப்பு பரவியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

பட்டையை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, நீரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை, ஆல்கஹாலால் ஒருமுறை மெல்லத் துடையுங்கள். பலகையிலுள்ள தொடுபுள்ளிகளையும் அப்படியே செய்யுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் அவற்றின் மெல்லிய பூச்சு போய், அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி அரித்துவிடும். கண்ணாடியின் ஓரத்தை மட்டும் துடைக்க வேண்டும், மேலே ஒட்டியுள்ள படலத்தில் ஆல்கஹால் படக் கூடாது. சில போலிகளில் ரப்பர்ப் பட்டைக்குப் பதிலாக, சூடேற்றி ஒட்டிய பிளாஸ்டிக் நாடா இருக்கும். அதை உரித்தால் திரும்ப ஒட்டாது என்பதால், அந்தத் திரையைக் கழற்றாமல் சுற்றியுள்ள இடத்தை மட்டும் கவனமாகத் துடையுங்கள்.

கோடுகளெல்லாம் சரியாக இருந்தும் திரை பழுப்பேறித் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டது மேலே ஒட்டியிருக்கும், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் முனைவாக்கப் படலம் (போலரைசர்). அதை உரித்துப் பசையைத் துடைத்துப் புதுப் படலம் ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன் திரையை ஓடவிட்டு, படலத்தை மேலே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். 90 பாகை மாறினால் வெள்ளையில் கறுப்பாக வர வேண்டியது கறுப்பில் வெள்ளையாக வரும். இது பொறுமையும் பழக்கமும் கேட்கும் வேலை. அரிய வண்ணப் பதிப்பில் கை வைப்பதற்கு முன் மலிவான போலி ஒன்றில் பழகுவது நல்லது. வெயிலில் வைத்த திரை முழுவதும் கறுத்துப்போனால் அஞ்ச வேண்டாம், குளிர்ந்ததும் தெளிந்துவிடும். ஆனாலும் அந்தப் படலத்தின் ஆயுளை வெயில் குறைக்கும்.

பொத்தான்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ரப்பரின் அடியிலுள்ள கறுப்பு வட்டும், பலகையில் அது தொடும் சீப்பு வடிவத் தடமும் சுத்தமாக இருந்தால் அவை வேலை செய்யும். ஒலித்தட்டில் கம்பி விட்டிருந்தால், பற்றவைப்புக் கோலை நொடிப்பொழுதுக்கு மேல் வைக்காமல் ஒட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வராத பலகையில், சிறு உருளையாக நிற்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகத்தின் கால்களைப் பாருங்கள். கைக்கடிகாரங்களிலும் அதே படிகம்தான் இருக்கிறது. கால் இற்றிருந்தால் பழைய குவார்ட்ஸ் கடிகாரத்திலிருந்து எடுத்து மாற்றலாம்.

மூடுவதும் வைப்பதும்

பிளாஸ்டிக் தூணுக்குள் திருகாணியைத் திரும்பப் போடும்போது, முதலில் கழற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். பழைய மரையில் திருகாணி விழுவது விரலுக்குச் சிறு அதிர்வாகத் தெரியும். அதன் பிறகே இறுக்கும் திசையில் திருப்ப வேண்டும். இப்படிச் செய்யாமல் புது மரை வெட்டிக்கொண்டே போனால் தூண் பிளந்துவிடும். வரிக்குதிரைப் பட்டைக்கு அழுத்தம் சமமாக விழ வேண்டும் என்பதால், எதிரெதிர்த் திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். செல் தகடுகளின் வெளிப்புறத்தில் வாசலினை மிக மெல்லியதாகத் தடவலாம்; செல்லைத் தொடும் முகத்திலும் பட்டையிலும் பொத்தானிலும் அது படக் கூடாது.

புதுச் செல் போட்டு, கடிகார நேரத்தைச் சரிசெய்துவிட்டால், முதல் தலைமுறைத் தமகோச்சியில் ஏறத்தாழ 5 நிமிடத்தில் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவரும். அது அசையும்போது 32 பத்திகளும் வருகின்றனவா என்று கவனித்து, ஒருநாள் முழுவதும் ஓடவிட்டு நேரம் பிசகுகிறதா என்றும் பாருங்கள்.

விளையாடாத காலத்தில் செல் உள்ளே இருக்கக் கூடாது. பொம்மையை மென்மையான வெள்ளைத்தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஒட்டும் தன்மையுள்ள பிவிசி உறைகள் நாளடைவில் உறையின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தவிருங்கள். ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது. வாணலியில் மிதமான சூட்டில் நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் மீண்டும் போடலாம். அட்டையோடு பிரிக்காமலே இருக்கும் பெட்டிகளைப் பற்றி என் கருத்து உறுதியானது: உள்ளே செல்லோடு வந்த மாதிரி என்றால், இந்தக் கரையில் அதைப் பிரிக்காமல் வைப்பது பொம்மையை இழப்பதற்கு ஒப்பாகும். கொப்புள அட்டையின் அடிமடிப்பைக் கூர்கத்தியால் மட்டும் திறந்து, செல்லை எடுத்து, அது எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று சிறு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். விற்கும் நாள் வந்தால் வாங்குபவரிடம் அந்தத் தாளையும் காட்டுங்கள்.